மாண்ட்கமரி நோட்டீஸில் ஏன் பெயர் இல்லை?

உங்கள் மகளின் பேச்சுப் போட்டிக்காகக் கேட்டிருக்கிறீர்கள்: அமெரிக்கக் கறுப்பின விடுதலைப் போராட்டம் என்றால் மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ் என்று ஆண்கள் பெயராகவே வருகிறது, பெண் என்றால் ரோசா பார்க்ஸ் ஒருவர்தான், பெண்களின் பங்கு உண்மையிலேயே அவ்வளவுதானா, இருந்ததை மறைத்துவிட்டார்களா, அல்லது இப்போது சொல்லப்படுவதெல்லாம் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டதா? பார்க்கப் பெயர்ப்பட்டியல் கேட்கும் கேள்வி மாதிரி இருந்தாலும், உங்களை உறுத்துவது அந்தக் கடைசிச் சந்தேகம்தான் என்று நினைக்கிறேன். பட்டியல் போடுவது பத்து நிமிஷ வேலை. முப்பது பெயர் எழுதித் தருவேன், உங்கள் மகளும் மேடையை விட்டு இறங்கியதும் மறந்துவிடுவாள். அதற்குப் பதில் ஒரே ஊரை, ஒரே போராட்டத்தை எடுத்துக்கொண்டு, யார் என்ன செய்தார்கள், அது ஏன் வெளியே தெரியாமல் போனது என்று சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. அரசுக் கல்லூரியில் இருபது வருஷத்துக்கு மேல் அமெரிக்க வரலாறு தாளை நடத்தியவள் நான். அந்த நாட்டு ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து மூலக் காகிதங்களைப் புரட்டிய ஆய்வாளர் இல்லை. அச்சில் வந்த நினைவுக் குறிப்புகள், நீதிமன்றச் சாட்சியங்கள், வரலாற்றாசிரியர்கள் எழுதியவை, இவ்வளவுதான் என் கைமுதல். ஆரம்ப வருஷங்களில் நானும் எல்லோரையும் போலத்தான் பாடம் நடத்தினேன்: ஒரு தையல்காரப் பெண், வேலை முடிந்து களைப்பு, பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு எழுந்து இடம் தர மறுத்தார், கைது செய்தார்கள், கிங் வந்தார், ஜெயித்தார்கள். பரீட்சையில் இதை அப்படியே எழுதிய பிள்ளைகளுக்குத் தாராளமாக மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன்.

அந்தக் கதையில் முதல் பிழையே களைப்புதான். 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை, அலபாமா மாநிலத்து மாண்ட்கமரியில் கைதானபோது ரோசா பார்க்ஸுக்கு வயது 42. உடம்பில் அன்றைக்கு விசேஷமாக அலுப்பு எதுவும் இல்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப் போயிருந்தேன் என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் மாண்ட்கமரி கிளைக்கு 1943 முதல் செயலாளராக இருந்தவர். 1944இல் ஆபெவில் என்ற ஊரில் ரீசி டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் கும்பல் ஒன்று கூட்டு வன்புணர்வு செய்தபோது, நேரில் போய் விசாரித்து வந்ததும் இவரே. கைதாவதற்குச் சில மாதம் முன்புதான் டென்னசியில் ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போய் இனப்பாகுபாட்டை எதிர்ப்பது பற்றிய பட்டறையில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். பன்னிரண்டு வருஷம் இயக்கத்தில் இருந்த ஒரு ஆளைக் கால் வலித்த தையல்காரியாக மாற்றியதே மறைப்பில் ஒரு வகைதான். பெயரை வைத்துக்கொண்டு ஆளை எடுத்துவிட்டார்கள்.

சரி, அன்று இரவுக்கு வருவோம். கைது செய்தி வக்கீல் ஃபிரெட் கிரே வழியாக ஜோ ஆன் ராபின்சன் காதுக்கு வந்தது. அலபாமா ஸ்டேட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் அவர். 1946இல் மேரி ஃபேர் பர்க்ஸ் என்ற சக பேராசிரியை தொடங்கிய பெண்கள் அரசியல் கவுன்சிலுக்கு 1950 முதல் தலைவர். பஸ்ஸில் அவருக்கே ஒரு காயம் உண்டு. 1949இல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்பியபோது, ஏறக்குறைய காலியாக இருந்த ஒரு பஸ்ஸில், வெள்ளையருக்கென்று ஒதுக்கிய முன்பகுதியில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் எழுந்து வந்து, அடிப்பதுபோல் கையை ஓங்கிக்கொண்டு கத்த, அழுதபடி இறங்கி ஓடினார். அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. 1954 மே 21 அன்று, அதாவது பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நான்காம் நாள், மாண்ட்கமரி மேயருக்குக் கவுன்சில் சார்பில் ஒரு கடிதம் எழுதினார். பஸ்ஸில் வருகிறவர்களில் நாலில் மூன்று பங்கு கறுப்பினத்தவர், அவர்கள் ஏறாவிட்டால் பஸ் ஓடாது, பஸ்களைப் புறக்கணிப்பது பற்றி இருபத்தைந்துக்கும் மேற்பட்ட உள்ளூர் அமைப்புகள் பேசிக்கொண்டிருக்கின்றன என்று மரியாதையாகவே எச்சரித்தார். ரோசா பார்க்ஸ் கைதாவதற்குப் பதினெட்டு மாதம் முன்பு தேதி போட்டு எழுதிய கடிதம் அது. பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டதா என்று கேட்டீர்களே, எனக்கு அந்தச் சந்தேகம் தீர்ந்தது இந்தக் கடிதத்தால்தான். கிங் அந்த ஊரில் பாஸ்டராகப் பொறுப்பேற்றதே 1954 செப்டம்பரில்தான்.

அன்று நள்ளிரவு ராபின்சன் கல்லூரிக்குப் போனார். வணிகத் துறையின் ஜான் கேனன் சாவி வைத்திருந்தார், நம்பிக்கையான மாணவர்கள் இரண்டு பேர் உடன் வந்தார்கள். உள்ளே சைக்ளோஸ்டைல் மிஷின். எங்கள் துறையிலும் எண்பதுகளில் மாதத் தேர்வுக் கேள்வித்தாளை அதில்தான் உருட்டுவோம், அதனால் அந்த இரவை என்னால் கண்ணால் பார்க்க முடிகிறது. ஸ்டென்சில் கிழியாமல் மாட்ட வேண்டும், மசி கைக்கெல்லாம் அப்பும், ஈரத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நூறு தாள் ஓட்டினாலே தோள் கழன்றுவிடும். அவர்கள் தாளுக்கு மூன்று நோட்டீஸாக அடித்து, வெட்டி, கட்டுக் கட்டினார்கள். எத்தனை என்பதில் ஒருமித்த கணக்கு கிடையாது; 35 ஆயிரம் என்று சில இடத்தில் இருக்கிறது, 50 ஆயிரத்துக்கு மேல் என்று வேறு இடத்தில் இருக்கிறது. குறைந்ததையே வைத்துக்கொண்டாலும் கிட்டத்தட்ட 12 ஆயிரம் தாள். விடியற்காலை நான்கு மணிக்கு முடித்தார்கள். அப்புறம் எந்தத் தெருவுக்கு யார் என்று வழி பிரித்தார்கள். எட்டு மணிக்கு ராபின்சனுக்கு வகுப்பு இருந்தது, போய்ப் பாடம் நடத்தினார். வகுப்பு முடிந்ததும் காரில் கட்டுகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம், கடை, அழகு நிலையம், முடிதிருத்தகம் என்று கொண்டுபோய்ப் போட்டார்கள்.

அந்த நோட்டீஸை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள், சின்னதுதான். வெள்ளைக்காரர் உட்கார எழுந்திருக்க மறுத்ததற்காக இன்னொரு கறுப்பினப் பெண்ணைக் கைது செய்து சிறையில் தள்ளியிருக்கிறார்கள் என்று ஆரம்பிக்கும். அடுத்த முறை அது நீங்களாக இருக்கலாம், உங்கள் மகளாக, அம்மாவாக இருக்கலாம் என்று சொல்லும். திங்கட்கிழமை வேலைக்கோ, டவுனுக்கோ, பள்ளிக்கோ, எங்கேயும் பஸ்ஸில் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும். ரோசா பார்க்ஸ் பெயர் அதில் கிடையாது, ‘இந்தப் பெண்ணின் வழக்கு’ என்றுதான் இருக்கும். பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பது கிளாடெட் கோல்வின் என்ற சிறுமியின் வழக்கைத்தான். கீழே யார் கையெழுத்தும் இல்லை, எந்த அமைப்பின் பெயரும் இல்லை.

நீங்கள் கேட்டதற்கு விடை அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது. அலபாமா ஸ்டேட் அரசுப் பணத்தில் நடந்த கல்லூரி. அந்தப் பணத்தை ஒதுக்கியது வெள்ளையர் சட்டமன்றம். கல்லூரி மிஷினில், கல்லூரித் தாளில் பஸ் புறக்கணிப்புக்கு நோட்டீஸ் அடித்தார்கள் என்று தெரிந்தால் ராபின்சனுக்கு மட்டுமல்ல, கவுன்சிலில் இருந்த ஆசிரியைகள் பலருக்கும் வேலை போகும், கல்லூரிக்கே ஆபத்து. கல்லூரித் தலைவர் அன்றே கூப்பிட்டுக் கடிந்துகொண்டார், விஷயத்தைக் கேட்டபின் தணிந்தார். தாளுக்கான காசைக் கவுன்சிலே கட்டிவிடும் என்று ராபின்சன் ஒப்புக்கொண்டார். ஆக, இங்கே பெயரை மறைத்தது யாரோ ஒரு ஆண் தலைவர் அல்ல, அவர்களேதான். பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ள அப்போது அவர்களுக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

யார் பெயரோடு வெளியே வர முடியும் என்று யோசித்துப் பாருங்கள். சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது அது. பாஸ்டருக்குச் சம்பளம் சபையார் போடும் காணிக்கையிலிருந்து வருகிறது, சபையார் அனைவரும் கறுப்பினத்தவர். அவரை வேலையை விட்டுத் தூக்க வெள்ளைக்காரரால் ஆகாது. வீட்டில் குண்டு போடலாம், போடவும் செய்தார்கள், ஆனால் சோற்றில் கைவைக்க முடியாது. பெண்கள் பார்த்த வேலை என்ன? படித்தவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியைகள், படிக்காதவர்கள் வெள்ளையர் வீட்டுச் சமையல்காரிகள், வேலைக்காரிகள். இரண்டு பக்கமும் சம்பளம் வெள்ளையர் கையில். பாஸ்டர் பதவிக்கோ அந்தச் சபைகளில் பெண்கள் வர முடியாது. ஆக மைக் யார் கைக்குப் போகும் என்பது கூட்டம் கூடுமுன்பே முடிவாகிவிட்டது. இதை நான் வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. தென் கரோலினாவில் செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியைக்கு 1956இல் வேலை போனது. நாற்பது வருஷம் பாடம் நடத்தியவர். மேலே சொன்ன தேசியச் சங்கத்தில் அரசு ஊழியர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டது, அவர் உறுப்பினர் என்பதை ஒளிக்க மறுத்தார், ஓய்வூதியமும் சேர்ந்து போனது. அடுத்த ஜனவரியில், ஓட்டுரிமை பெறத் தேற வேண்டியிருந்த தேர்வுக்காக எழுதப் படிக்கச் சொல்லித்தரும் முதல் குடியுரிமைப் பள்ளியை ஜான்ஸ் தீவில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் ஆரம்பித்தபோது, பாடம் எடுக்க ஓர் ஆசிரியையைத் தேடவில்லை. அழகு நிலைய வேலை தெரிந்த பெர்னிஸ் ராபின்சனைக் கூப்பிட்டார்கள். அவருடைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் கறுப்பினப் பெண்கள். அவர் பிழைப்பைக் கெடுக்க வெள்ளைக்காரர் யாரும் குறுக்கே வர முடியாது.

இதோடு நிறுத்திவிட்டால் ஆண் தலைவர்களைச் சும்மா விட்டதாகிவிடும். டிசம்பர் 5 திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடின. அன்று மதியம் கூடிய கூட்டத்தில் மாண்ட்கமரி முன்னேற்றச் சங்கம் பிறந்தது, 26 வயது கிங் தலைவரானார். ராத்திரி ஹோல்ட் தெரு தேவாலயத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். நான் ஏதாவது பேச வேண்டுமா என்று ரோசா பார்க்ஸ் கேட்டதற்கு, நீங்கள் பட்டதும் போதும், சொன்னதும் போதும், பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவரே பதிவு செய்திருக்கிறார். ஊருக்கே தெரிந்த பெயர், மறைக்க என்ன இருக்கிறது? இங்கே பிழைப்பு பயம் காரணமில்லை. எல்லா பேக்கர் (Ella Baker) என்ற பெண்ணின் கதையும் இதே ரகம். தென்மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு என்ற கிங்கின் அமைப்புக்கு 1958இல் அட்லாண்டாவில் அலுவலகம் போட்டு நடத்தியவர், தற்காலிக இயக்குநராகவே வைத்திருந்தார்கள், நிரந்தரம் ஆக்கவில்லை. அவர் 1960இல் மாணவர்களைக் கூட்டி, யாருக்கும் இளைஞர் அணியாக ஆகாதீர்கள், தனியாக நில்லுங்கள் என்று சொல்லி மாணவர் ஒருங்கிணைப்புக் குழு உருவாகக் காரணமாக இருந்தார். அதே மாநாட்டின் நிர்வாகக் குழுவில் பின்னாளில் உட்கார்ந்த செப்டிமா கிளார்க், இந்த அம்மா எதற்கு இங்கே என்று அங்கிருந்த பாஸ்டர் ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டதை வயதான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆக, ஆபத்துக்குப் பயந்து தாங்களே ஒளிந்தது ஒன்று, ஆபத்தே இல்லாத அறைக்குள்ளும் ஓரம் கட்டப்பட்டது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்வதால்தான் உங்களைப் போன்றவர்களுக்குச் சந்தேகம் வருகிறது என்பது என் எண்ணம். எது எந்த அளவுக்கு என்று தராசில் நிறுத்துச் சொல்ல என்னால் முடியாது. ஆளுக்கு ஆள் மாறும்.

நிச்சயமானதும் சந்தேகத்துக்குரியதும் கலந்து கிடக்கும் இடம் கிளாடெட் கோல்வின் கதை. ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு, 1955 மார்ச் 2 அன்று, இதே ஊரில் இதே காரணத்துக்குக் கைதான 15 வயதுப் பள்ளி மாணவி. அவள் கர்ப்பமாக இருந்ததால் தலைவர்கள் அவள் வழக்கைக் கைவிட்டார்கள் என்று இணையத்தில் எங்கும் படிக்கலாம். தேதியை வைத்துப் பார்த்தால் ஒட்டவில்லை. குழந்தை பிறந்தது 1956 மார்ச்சில், அதாவது கைதாகி ஒரு வருஷம் கழித்து. 1955 மே மாதம் மேல்முறையீட்டில் நீதிமன்றம் இனப்பிரிவினைச் சட்டத்தை மீறிய குற்றச்சாட்டை எடுத்துவிட்டு, போலீஸைத் தாக்கினாள் என்பதை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டது. அதை வைத்துப் பஸ் சட்டத்தை எதிர்க்க வழியில்லை. சின்னப் பெண், ஏழைக் குடும்பம், துடுக்குக்காரி என்றெல்லாம் பெரியவர்கள் யோசித்தது உண்மை. கர்ப்பம் பின்னால் சேர்ந்த காரணம். வர்க்கப் பார்வை இருந்ததா என்றால் இருந்தது, கோல்வினே அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் பஸ் சட்டத்தை உடைத்த வழக்கில் அவளும் ஒரு வாதி. இது பலருக்குத் தெரியாது. ரோசா பார்க்ஸ் வழக்கு மாநில நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டு இழுபடும் என்று ஃபிரெட் கிரே 1956 பிப்ரவரி 1இல் மத்திய நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட்டார். வாதிகள் எல்லோரும் பெண்கள்: ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின். ஐந்தாவதாகச் சேர்ந்த ஒருவர் நெருக்கடி தாங்காமல் உடனே விலகிக்கொண்டார். மே 11 அன்று சாட்சி சொன்னார்கள். கிங் தூண்டிவிட்டுத்தான் இதெல்லாம் என்று காட்டுவதற்காக, உங்கள் தலைவர் யார் என்று நகரத்தின் வக்கீல் துருவியபோது, எங்களுக்குத் தலைவர் நாங்களேதான் என்றாள் கோல்வின். ஜூன் 5 அன்று மூன்று நீதிபதிகளில் இருவர் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள், நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. டிசம்பரில் 381 நாள் புறக்கணிப்பு முடிந்தது. வெள்ளையர் ஒருவருக்கு முன் இருக்கையில் ரோசா பார்க்ஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் புகழ்பெற்ற படம் இருக்கிறதே, அது அந்த வெற்றிக்கு அடுத்து எடுத்தது. பின்னால் இருப்பவர் ஒரு பத்திரிகையாளர். கைதான அன்று எடுத்த படம் என்று உங்கள் மகள் சொல்லிவிட வேண்டாம்.

இன்னொரு பக்கமும் மிகைப்படுத்தல் உண்டு. எல்லாம் பெண்கள் செய்தது, பாஸ்டர்கள் மாலை மட்டும் வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதுகிறார்கள். ராபின்சன் அடித்த நோட்டீஸ் ஒரு நாள் புறக்கணிப்புக்குத்தான் அழைத்தது. ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கத் தேவாலயக் கட்டடங்களும் காணிக்கையும், பஸ்ஸுக்குப் பதிலாக ஆட்களை ஏற்றிச் சென்ற கார் அணியும் வேண்டியிருந்தன. தொழிற்சங்கக்காரர் ஈ. டி. நிக்சன் அன்று ரோசா பார்க்ஸை ஜாமீனில் எடுத்ததோடு, விடிந்ததும் பாஸ்டர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். கிங்கும் தன் 1958ஆம் வருஷத்துப் புத்தகத்தில், போராட்டத்தின் எல்லா மட்டத்திலும் வேறு யாரையும்விட அதிகம் உழைத்தவர் ராபின்சன் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். எழுதியது யார் கண்ணிலும் படவில்லை என்பது வேறு விஷயம். ராபின்சனின் நினைவுக் குறிப்புகள் அச்சுக்கு வந்தது 1987இல், முப்பது வருஷம் கழித்து. அதேபோல் 1963 வாஷிங்டன் பேரணியில் ஒரு பெண்கூடப் பேசவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த அன்னா ஹெட்ஜ்மன் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு பெண் போராளிகளுக்கு மரியாதை என்று ஒரு நிகழ்ச்சியைச் செருகினார்கள், ஆர்கன்சாஸ் மாநிலத்துப் போராளி டெய்சி பேட்ஸ் எழுந்து சில வரிகள் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முக்கிய உரை எதுவும் பெண்ணுக்கு இல்லை என்றால் சரியாக இருக்கும்.

மேடையில் ஒருவரைத்தான் விரிவாகச் சொல்ல நேரம் இருக்கும் என்றால், நான் ஜார்ஜியா கில்மோரைச் சொல்லச் சொல்வேன். சமையல்காரி. ஒரு முறை காசைப் போட்டபின், இறங்கிப் பின் கதவு வழியாக ஏறு என்று டிரைவர் சொல்ல, இறங்கியதும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து, அதாவது ஊர் புறக்கணிப்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே, அவர் பஸ் ஏறவில்லை. 1956 மார்ச்சில், புறக்கணிப்பை நடத்தியதற்காகக் கிங் மீது போட்ட வழக்கில் இதைக் கூண்டில் ஏறிச் சொன்னார், வேலை போனது. கிங்கின் யோசனையும் பண உதவியும் கிடைக்க, வீட்டிலேயே சமைத்து விற்க ஆரம்பித்தார். ஏற்கெனவே பெண்களைச் சேர்த்து, பொரித்த கோழி சாண்ட்விச், கேக், பை எல்லாம் செய்து அழகு நிலையம், டாக்சி ஸ்டாண்ட் என்று விற்று, வந்த காசைக் கூட்டத்தில் உண்டியலில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காசு கார் அணிக்குப் பெட்ரோல் போட உதவியது. சமைத்தவர்கள் பலர் வெள்ளையர் வீட்டில் வேலை பார்த்தவர்கள், வாங்கித் தின்றவர்களில் வெள்ளையரும் உண்டு. பணம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்று சொல்ல வேண்டும், அதனால் குழுவுக்கே அதைத்தான் பெயராக வைத்தார்கள்: ‘எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்’. யார் தந்தார்கள், யார் வாங்கினார்கள் என்பது கில்மோருக்கு மட்டுமே தெரியும். ஊரின் மேற்குப் பகுதியில் போட்டிக்கு இன்னொரு பெண்கள் குழு கிளம்பி, இந்த வாரம் யார் அதிகம் கொண்டுவந்தார்கள் என்று கூட்டத்தில் கைதட்டி ஆரவாரம் செய்வார்களாம்.

கில்மோர் இறந்தது 1990 மார்ச்சில். ஓட்டுரிமை கேட்டுச் செல்மாவிலிருந்து மாண்ட்கமரிக்கு நடந்த பேரணியின் 25ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடக் கோழியும் மக்ரோனியும் செய்துகொண்டிருந்தார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு வீட்டார் அந்தச் சாப்பாட்டையே பரிமாறினார்கள்.